எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு களப்பயணம்: திட்டமிடலில் நான் கற்றவை

"டீச்சர், இங்க செருப்பைக் கழட்டணுமா?"

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலப் படிமக் கூடத்து வாசலில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். எனக்குப் பின்னால் எழுபத்தைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். கடற்கரைக்கு வேறு போக வேண்டும். "வேணாம்மா, சீக்கிரம் உள்ள போ" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை எண்ணத் தொடங்கினேன். அவள் உள்ளே போனாள். ஐந்தே நிமிடத்தில் மறுபக்கமாக வெளியே வந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கோயிலில் இருந்தால் அது சாமி. இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இது சாமியா, சிலையா, பாடமா? இங்கே நான் எப்படி நிற்க வேண்டும்? ஒரு கலைக்கூடத்துக்குள் நுழையும் எவருக்கும் எழ வேண்டிய முதல் கேள்வியை அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நான் அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டேன்.

நெமிலிச்சேரிப் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கும் நான் இதுவரை இரண்டு முறை பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் பயணத்தில் செய்த தவறுகளே இரண்டாம் பயணத்துக்குத் திட்டமாயின. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பயணத்தில் நடந்தது

ஒரே நாளில் அருங்காட்சியகம், கிண்டி சிறுவர் பூங்கா, மெரினா என்று மூன்று இடங்கள். இரண்டு பேருந்துகள், நான்கு ஆசிரியர்கள். கையில் நான் தயாரித்த செயல்தாள்; அதில் முப்பது கோடிட்ட இடங்கள். "அமராவதி சிற்பங்கள் ______ மாநிலத்தைச் சேர்ந்தவை" என்பது போன்ற கேள்விகள்.

எழும்பூர் வளாகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. நாங்கள் அங்கே இருந்தது இரண்டு மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கூடத்துக்கு மூன்று நிமிடம்கூட வராது. பிள்ளைகள் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. சிலைக்கு முன்னால் குனிந்து பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள். அடுத்த சிலைக்கு ஓடுவார்கள். சிலையை நிமிர்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். தவறு பிள்ளைகளுடையது அன்று. நான் கொடுத்த தாள் பலகையைத்தான் பார்க்கச் சொன்னது.

மறுநாள் "நான் கண்ட அருங்காட்சியகம்" என்ற தலைப்பில் எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் பேருந்துப் பாட்டும் கடல் அலையும் இருந்தன. ஒரு மாணவன் இரண்டே வரி எழுதியிருந்தான்: "கண்ணாடிக்குள் நிறைய சாமி இருந்தது. நாங்கள் வேகமாக நடந்தோம்." அந்தப் பயணத்தைப் பற்றி அதைவிடச் சரியான அறிக்கை இருக்க முடியாது.

இன்னொன்றும் நடந்தது. அன்று வராத பிள்ளைகள் ஆறு பேர். காய்ச்சல், ஊருக்குப் போனோம் என்று காரணம் சொன்னார்கள். நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்திருந்தோம். அந்த ஆறு பேரில் நான்கு பேருக்குக் காய்ச்சல் அந்தப் பணம்தான் என்பது பல வாரம் கழித்து ஒரு தாயின் வாய்வழியாகத் தெரியவந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவர்களிடம் கேட்கவில்லை.

எதற்காகப் போகிறோம்?

இரண்டாவது முறை திட்டமிட உட்கார்ந்தபோது முதலில் எழுதியது இந்தக் கேள்வியைத்தான். "எல்லாவற்றையும் காட்ட" என்பது விடை ஆகாது. கலைப்பொருள் ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்று, பார்த்ததைச் சொல்லவும், சொன்னதற்குக் காரணம் காட்டவும் பிள்ளைக்கு வர வேண்டும். இதை ஒரே நோக்கமாக வைத்துக்கொண்டேன். தமிழ்ப் பாடத்தில் பேசுதல், எழுதுதல். சமூக அறிவியலில் சான்றுகளைக் கொண்டு வரலாற்றை அறிதல். அறிவியலில் உலோகமும் கலவையும். ஓவியத்தில் உருவமும் அளவும் என எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே, இரண்டு கூடங்கள் மட்டும். அமராவதிச் சிற்பக் கூடம், வெண்கலப் படிமக் கூடம். ஒவ்வொரு கூடத்திலும் நின்று பார்க்க இரண்டே பொருள்கள். மீதியைப் பிள்ளைகள் தாங்களாகச் சுற்றிப் பார்க்கட்டும். ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் பிற்காலச் சோழர் பாடம் வருவதால், அந்த வகுப்பின் நாற்பது பேரை மட்டும் அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. "மற்ற வகுப்புகள்?" என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களும் ஏழாம் வகுப்புக்கு வருவார்கள் அல்லவா!

ஆசிரியர் முதலில் தனியே போய்வர வேண்டும்

எங்கள் பக்கத்து ஊரான திருநின்றவூரின் பூசலார் நாயனார் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். கையில் பொருள் இல்லாததால் மனத்துக்குள்ளேயே ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கோயில் கட்டி முடித்தவர் அவர். களப்பயணத்தையும் ஆசிரியர் முதலில் இப்படித்தான் கட்ட வேண்டும். அதற்குக் கண்ணால் பார்த்து வருவது அவசியம்.

ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன். நான் குறித்துக்கொண்டவை இவை: பேருந்து எங்கே நிற்கலாம், நுழைவுச்சீட்டு எங்கே, கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட நிழல் எங்கே, எந்தக் கூடத்தில் படி ஏற வேண்டும், ஒரு சிலையைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் இடிக்காமல் நிற்கலாம். கடைசிக் கேள்விக்கு விடை: எட்டு. பத்துப் பேரானால் பின்னால் நிற்கும் இரண்டு பேர் முதுகைத்தான் பார்ப்பார்கள். குழுவுக்கு எட்டுப் பேர், ஐந்து குழுக்கள் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். ஞாயிறுதானே விடுமுறை என்ற நினைப்பில் வெள்ளியன்று போய் வாசலில் நின்ற பள்ளிகள் உண்டு. அவ்வப்போது சில கூடங்கள் பராமரிப்புக்காக மூடப்படும் என்பதால், நாம் பார்க்க நினைக்கும் கூடம் அன்று திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பள்ளியின் கடிதத்தாளில் வகுப்பு, எண்ணிக்கை, நாள், நேரம் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் கொடுத்தால் மாணவர் கட்டணச் சலுகை, வழிகாட்டி வசதி ஆகியவற்றையும் கேட்டுப் பெறலாம்.

அனுமதி, பணம், பயணம்

நான்கு வாரம் முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் திட்டத்தைக் கொடுத்தேன். அலுவலக அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் இரண்டும் கைக்கு வந்த பிறகே நாளை உறுதிசெய்தோம். ஒப்புதல் கடிதத்தில் "குழந்தைக்கு மருந்து, ஒவ்வாமை, பயண வாந்தி ஏதேனும் உண்டா?" என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு வரியால் இரண்டு பிள்ளைகளின் வலிப்பு மாத்திரை பற்றி எங்களுக்குத் தெரியவந்தது.

பணம் பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினோம். முதல் ஆண்டில் நான்கு பிள்ளைகள் வராமல் போனதை, பெயர் சொல்லாமல், நானே எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தந்தை, "டீச்சர், பிள்ளைங்ககிட்ட வாங்க வேணாம். பஸ் செலவை நாம பாத்துக்கலாம்" என்றார். குழுவும் ஊர்ப் பெரியவர் சிலரும் பகிர்ந்துகொண்டார்கள். யாரிடம் எவ்வளவு வந்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுதவில்லை. வரவு செலவை மட்டும் குழுவுக்குக் காட்டினோம். நாற்பது பேரில் நாற்பது பேரும் வந்தார்கள்.

ரயிலா பேருந்தா என்ற விவாதமும் நடந்தது. நெமிலிச்சேரியில் ஏறினால் நேரே மூர் மார்க்கெட் வளாக நிலையம், செலவும் குறைவு. ஆனால் மின்சார ரயில் ஒரு நிலையத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காது. காலை நேரத்தில் ஆவடிக்கு முன்பே பெட்டி நிறைந்திருக்கும். நாற்பது சிறுவர்களை ஏற்றி இறக்குவது ஆபத்து. சென்ட்ரலில் இறங்கிய பிறகும் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு இன்னொரு வண்டி தேவை. அதனால் பேருந்து. பத்துப் பதினைந்து பேர் கொண்ட உயர்நிலை மாணவர் குழுவென்றால், காலை நெரிசல் தணிந்த பிறகு ரயிலில் போவதே ஒரு பாடமாகும்.

வகுப்பறையில் இரண்டு வாரம்

களப்பயணத்தின் பாதி வேலை வகுப்பறையில் முடிந்துவிட வேண்டும்.

முதல் வாரம் பார்க்கும் பழக்கம். படத்தைக் காட்டி மூன்றே கேள்விகள் கேட்கும் முறை ஒன்றை அமெரிக்காவில் அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கினார்கள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அவ்வளவுதான். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. "சரி", "தப்பு" என்றும் சொல்லக் கூடாது. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அது படத்தின் எந்த இடத்தில் தெரிகிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும். நமக்கு இது கடினம். நான் முதல் நாள் நான்கு முறை "சரியா சொன்னே!" என்று சொல்லிவிட்டேன். நாள்காட்டிப் படம், பாடநூல் அட்டை, மளிகைக் கடை விளம்பரம் என எதை வைத்தும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

இரண்டாம் வாரம் செய்து பார்த்தல். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றினால், மெழுகு உருகி வடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சு அசலாக இன்னொன்று வராது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

நாங்கள் மெழுகுவர்த்தியை இளக்கிச் சிறு மீன்கள் செய்தோம். ஏரி மண் பூசி நிழலில் உலர்த்தினோம். அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடாமல் நானும் சத்துணவு அமைப்பாளரும் சூடேற்றி மெழுகை வடித்தோம். உலோகத்துக்குப் பதில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினோம். பாதி மீன்கள் வாலில்லாமல் வந்தன. "டீச்சர், அவங்க எப்பிடி விரல் நகம் வரைக்கும் கொண்டுவந்தாங்க?" என்று ஒரு மாணவன் வாலில்லா மீனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். அந்தக் கேள்வியோடு அவனை எழும்பூருக்கு அழைத்துச் சென்றால் போதும்.

தொடக் கூடாது என்ற விதிக்கும் காரணம் சொன்னோம். வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செம்புக் கலவையை அரிக்கும். பச்சை நிறப் பொடியாகப் பூத்துப் பரவும். 1930களில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் வெண்கலப் படிமங்களைத் தூய்மைப்படுத்தும் பணியை நடத்தினார். "தொட்டால் அடிப்பேன்" என்பதைவிட இந்த விளக்கம் நன்றாக வேலை செய்தது. அன்று யாரும் எதையும் தொடவில்லை.

யானை ஒன்றா, இரண்டா?

புதன்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர்: மூன்று ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர். எல்லார் அடையாள அட்டையின் பின்புறமும் பள்ளியின் கைப்பேசி எண். குழுவுக்கு ஒரு வண்ண நாடா. எழுத பென்சில் மட்டும். மை பேனா கிடையாது. சுவரிலோ கண்ணாடியிலோ தாளை வைத்து எழுதாமலிருக்கப் பரீட்சை அட்டை.

அமராவதி ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூரிலும் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பளிங்கு என்று பலரும் சொன்னாலும் அது வெண்ணிறச் சுண்ணாம்புக் கல். அங்கே நாங்கள் தேர்ந்தெடுத்தது வட்ட வடிவச் சிற்பம் ஒன்று. பிள்ளைகளிடம் அதன் பெயரைச் சொல்லவில்லை.

"என்ன நடக்குது?"

"யானை ஒருத்தரைத் தூக்கி அடிக்குது டீச்சர்."

"எதைப் பார்த்துச் சொல்ற?"

"தும்பிக்கையில ஆள் மாட்டிட்டு இருக்கார். ஜனங்க பயந்து ஓடறாங்க."

"இன்னும் என்ன தெரியுது?"

"மேல ஜன்னல்ல இருந்து வேடிக்கை பாக்கறாங்க!"

"இந்தப் பக்கம் இன்னொரு யானை கும்பிட்டுட்டு இருக்கு."

அப்போதுதான் விவாதம் பிறந்தது. இரண்டு யானைகளா, ஒரே யானையா? குழு இரண்டாகப் பிரிந்தது. "ஒரே யானைதான். காமிக்ஸ்ல வர மாதிரி, முன்னாடி கோவமா இருந்தது, அப்புறம் அடங்கிடுச்சு" என்று வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி சொன்னாள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்றேன். "மண்டி போட்ட யானைக்கு முன்னாடி நிக்கறவர் பயப்படவே இல்ல. அவர்தான் அடக்கியிருக்கார்" என்றாள்.

அதன்பிறகே நளகிரி கதையைச் சொன்னேன். மதம்கொண்ட யானையை ஏவிவிட்டதையும், புத்தர் அன்பால் அதைப் பணியவைத்ததையும் ஒரே வட்டத்துக்குள் செதுக்கிய சிற்பி, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். ஒரே சட்டத்துக்குள் காலம் நகர்வதைக் காட்டும் இந்த உத்தியை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். முதல் பயணத்தில் இந்தக் கதையை நான் ஒலிபெருக்கி போல எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். ஒருவருக்கும் நினைவில் இல்லை.

நம் ரயில் பாதையிலிருந்து வந்தவர்

வெண்கலப் படிமக் கூடத்துக்கு வந்தோம். வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தி, இம்முறை நானே கேட்டேன்: "இங்கே செருப்பைக் கழட்டணுமா?"

பல பதில்கள் வந்தன. "சாமி இருக்கே, கழட்டணும்." "பூசை இல்லையே, வேணாம்." "கும்பிடணும்னா மனசுல கும்பிட்டுக்கலாம்." எங்கள் வகுப்பில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரையும் கும்பிடச் சொல்லவோ தடுக்கவோ நமக்கு உரிமை இல்லை. "ஊர்வலமா தூக்கிட்டுப் போகச் செஞ்சது இது. கோயில்ல ஒரு வேலை, இங்க ஒரு வேலை. இங்க நம்ம வேலை, செஞ்சவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு பாக்கறது" என்று மட்டும் சொன்னேன். உள்ளே சைவ, வைணவப் படிமங்களோடு நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களும் சமணப் படிமங்களும் இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒரு குழுவின் பணி. பீடத்தில் தண்டு செருகித் தூக்குவதற்கான வளையங்களையும் துளைகளையும் தேடுவது இன்னொரு குழுவின் பணி.

முதலில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கேள்வி ஒன்றே: எத்தனை கைகள்? "நாலு" என்று பழக்கத்தில் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று. ஆண்பாதியில் இரண்டு, பெண்பாதியில் ஒன்று. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இடுப்பின் வளைவு, ஆடையின் நீளம், காதணி என இரு பாதிகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பட்டியல் போட்டார்கள்.

அடுத்து நடராசர். உடுக்கை ஏந்திய கை, தீ ஏந்திய கை, அபயம் காட்டும் கை, தூக்கிய இடக்காலைச் சுட்டும் கை, காலடியில் முயலகன் என்று பார்த்து முடித்தபின் ஒரு மாணவன், "டீச்சர், படத்துல சுத்தி நெருப்பு வட்டம் இருக்கும். இதுல இல்லையே?" என்றான். திருவாசி காலப்போக்கில் இல்லாமல் போயிருக்கிறது. இல்லாததைப் பார்க்கத் தெரிவதும் பார்க்கத் தெரிவதுதான்.

"இவர் எந்த ஊர்னு பாருங்க" என்றேன். பலகையை அப்போதுதான் படித்தார்கள். திருவாலங்காடு.

"டீச்சர்! அரக்கோணம் ட்ரெயின்ல வருமே, அந்தத் திருவாலங்காடா?"

ஆம், அதேதான். நெமிலிச்சேரி நடைமேடையில் நின்றால் தினமும் கடந்துபோகும் அரக்கோணம், திருத்தணி ரயில்களின் பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் இருக்கும் ஊர். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அங்கேதான். காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய தலமும் அதுவே. பாடத்தில் வரும் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்ததும் அங்கேதான். இந்தச் சோழர் படிமத்தின் ஒளிப்படங்களைப் பார்த்து வியந்து பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921இல், அவர் மறைவுக்குப் பின், வெளிவந்தது.

ரோடினைவிடப் பிள்ளைகளை அசைத்தது ரயில்தான். தங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் அதே ரயிலின் பாதையிலிருந்து வந்த ஒன்றை உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்ற செய்தி அவர்களுக்குப் புதிது. மேளம் வாசிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த உடுக்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வாலில்லா மீன் செய்தவன் விரல் நகங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

செயல்தாளில் இம்முறை நான்கே பகுதிகள்: எனக்குப் பிடித்த பொருளின் படம் (என் கையால் வரைந்தது), நான் கவனித்த மூன்று, எனக்கு எழுந்த ஒரு கேள்வி, வீட்டில் யாரிடம் இதைச் சொல்வேன். வரையும்போது கை தானாகவே கண்ணை நிறுத்திவைக்கிறது. வரையத் தெரியாது என்று தயங்கியவர்களை, ஒரு கையை மட்டும் அல்லது ஒரு பாதத்தை மட்டும் வரையச் சொன்னோம்.

மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் அவரவர் குழுவோடு விருப்பம்போல் சுற்றினார்கள். இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டோம். கடற்கரைக்குப் போகவில்லை என்று சிறிது முணுமுணுப்பு இருந்தது உண்மைதான்.

திரும்பி வந்த பிறகு

பயணம் பேருந்திலிருந்து இறங்கியதும் முடிந்துவிடக் கூடாது. மறு வாரம் வகுப்பறையையே அருங்காட்சியகமாக்கினோம். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவர வேண்டும். அதற்கு நான்கு வரியில் பெயர்ப்பலகை எழுத வேண்டும். பொருளின் பெயர், எதனால் ஆனது, யாருடையது, அதைப் பற்றி ஒரு செய்தி.

அரிவாள்மனை வந்தது; பாக்குவெட்டி, வால்வு ரேடியோ, படி, உழக்கு வந்தன. ஆவடி டேங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவின் நசுங்கிய சாப்பாட்டுத் தூக்கு வந்தது. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் மாணவி தன் பாட்டியின் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தாள். அதுவரை அவள் தமிழில் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. அந்தப் பலகைக்கு ஆறு வரி எழுதினாள். எழுத்துப்பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை, அவள் தோழி திருத்தினாள். பெற்றோர்கள் மாலையில் வந்து பார்த்தார்கள். பிள்ளைகளே வழிகாட்டிகளாக நின்று, "தொடாதீங்க, வியர்வையில உப்பு இருக்கு" என்று தாய்மார்களை எச்சரித்தார்கள்.

மதிப்பீட்டுக்கு நான் தனித் தேர்வு வைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பார்த்திராத ஒரு சிற்பத்தின் படத்தைக் காட்டி அதே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டேன். காரணம் காட்டி எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதே என் அளவுகோல்.

சென்னைக்கு வர முடியாத பள்ளிகள்

எழும்பூர்தான் வேண்டும் என்பதில்லை. 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம், மதுரை, திருச்சி, சேலம், வேலூர், நெல்லை உள்ளிட்ட பல மாவட்டங்களின் அரசு அருங்காட்சியகங்கள், தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் எனப் பல இடங்கள் இருக்கின்றன. அதுவும் இயலாவிட்டால் ஊரின் பழைய கோயில் தூண், நடுகல், தேவாலயம், பள்ளிவாசல் முகப்பு, ஊர்ச் சாவடி ஆகியவற்றில் ஒன்றின் முன் எட்டுப் பேரை நிறுத்தி அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பேருந்து தேவையில்லை, ஒரு பாடவேளை போதும்.

திட்டமிடுவோருக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல்

நான்கு வாரம் முன்பு: நோக்கத்தை ஒரே வரியில் எழுதுதல், ஆசிரியர் நேரில் பார்த்து வருதல், துறை அனுமதி, அருங்காட்சியகத்துக்குக் கடிதம், மேலாண்மைக் குழுவில் செலவு பற்றிய முடிவு.

இரண்டு வாரம் முன்பு: பெற்றோர் ஒப்புதலும் மருத்துவக் குறிப்பும், மூன்று கேள்விப் பயிற்சி, செய்து பார்க்கும் செயல்பாடு, நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படியில்லாத வழியை முன்பே கேட்டு வைத்தல்.

முந்தைய நாள்: திறந்திருக்கும் கூடங்களைத் தொலைபேசியில் உறுதிசெய்தல், குழுப் பட்டியல் ஐந்து படிகள், முதலுதவிப் பெட்டி, சானிட்டரி நாப்கின், வாந்திப் பை, கூடுதல் பென்சில்கள்.

அன்று: ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் தலை எண்ணுதல், ஆசிரியர் குறைவாகப் பேசுதல், கைப்பேசிப் படம் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும், அதுவும் அங்குள்ள விதிப்படி.

பிறகு: ஒரு வாரத்துக்குள் வகுப்பறைக் கண்காட்சி, ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு படம், மூன்று கேள்விகள்.

செருப்பைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி இப்போது பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இரண்டாம் பயணத்தில் அவள் இல்லை. அவள் தங்கை இருந்தாள். செயல்தாளின் கடைசிப் பகுதியில், "வீட்டில் யாரிடம் இதைச் சொல்வேன்" என்ற இடத்தில், தங்கை எழுதியிருந்தது: "எங்க அக்காகிட்ட. அவ சரியா பாக்கலயாம்."

அந்தத் தாளை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்கான கடிதத்தை எழுத உட்காரும்போது முதலில் அதைத்தான் எடுத்துப் படிப்பேன்.